மலை வீட்டுப் பழமரங்களில் பூச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். நாற்று வாங்க வருபவர்களில் பாதிப் பேர் கையில் சுருண்ட இலையோ, புழு வைத்த பழமோ, போனில் ஒரு படமோ இருக்கும். மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கிற நாட்களில் கேள்விகள் இன்னும் கூடிவிடும். கொடைக்கானல் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். கொல்லையில் நான்கைந்து மரம் வைத்திருப்பவர்களை நினைத்து எழுதியது இது. ஏக்கர் கணக்கில் தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

அக்கா, பிளம்ஸ் மரம் பூரா சாம்பல் கலர்ல பாசி மாதிரி படிஞ்சு கிடக்கு. அது பூச்சியா, நோயா?

இரண்டும் இல்லை. அது மரப்பாசி. பட்டையின் மேல் உட்கார்ந்திருக்குமே தவிர மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது. மூடுபனி அதிகமுள்ள இடத்தில், கவாத்து செய்யாமல் அடர்ந்து நிற்கும் மரத்தில் நன்றாகப் படரும். கத்தியால் சுரண்டிப் பட்டையைக் காயப்படுத்தாதீர்கள். அந்தக் காயம்தான் தொல்லையைக் கொண்டுவரும். உள்கிளைகளைக் கழித்து வெயில் நுழைய விட்டால் போதும், பாசி தானாகக் குறையும்.

எந்த மாசம் மருந்து அடிக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க, குறிச்சு வெச்சுக்கிறேன்.

ஒரு மாதத்தைச் சொல்லி முடிக்க முடியாது. நம் மலையில் ஒரே மாவட்டத்துக்குள்ளேயே மழை இரண்டு விதமாகப் பெய்கிறது. கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூனில் பிடித்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி மழைதான் பெரிய மழை. கொடைக்கானலுக்கும் அப்படியே. எதை அடித்தாலும் அன்று ராத்திரியே மழை கொட்டினால் போட்ட காசு பள்ளத்தில் ஓடிவிடும்.

அதனால் மரத்தின் ஆண்டைப் பாருங்கள். பிளம்ஸ், பீச், பேரி, பெர்சிமன், ஆப்பிள் எல்லாம் இலை உதிர்க்கும் மரங்கள். நவம்பர், டிசம்பரில் இலை கொட்டும். டிசம்பர், ஜனவரி கவாத்துக்கும் எண்ணெய்த் தெளிப்புக்கும் உரிய காலம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பூ. அப்போது எதையும் அடிக்கக் கூடாது, தேனீ செத்துப்போனால் காய் பிடிக்காது. ஏப்ரல் முதல் பழ ஈயின் காலம். அதன் பிறகு மழைக்காலத்தில் தண்டுத் துளைப்பானைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை, கொய்யா மாதிரி எப்போதும் பச்சையாக நிற்பவற்றுக்கு மாதமே கணக்கில்லை, எப்போது புதுத் துளிர் விடுகிறதோ அப்போது பூச்சி வரும்.

வருடம் முழுக்கச் செய்கிற வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது டிசம்பர் வேலை. மே மாதம் பழத்தைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் அநேகமாக டிசம்பரில் மரத்தின் பக்கம் போகாதவர்களாகவே இருக்கிறார்கள்.

டிசம்பர்ல இலையே இல்லையே! மொட்டை மரத்துக்கு எதுக்கு எண்ணெய் அடிக்கணும்?

ஒரு வருடக் கிளை ஒன்றை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பட்டையில் சாம்பல் தூவியது போலக் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட வட்டமாக ஒட்டியிருக்கும். பலர் அதைப் பட்டையின் சொரசொரப்பு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். மேல் ஓடு சில்லாகப் பெயர்ந்து, அடியில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் ஒரு துளி உடம்பு தெரிந்தால் அது செதில் பூச்சி. சுற்றிலும் பட்டை செவ்வூதாவாக மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். சாறு உறிஞ்சியே கிளைகளை நுனியிலிருந்து காய வைத்துவிடும்.

இலை இருக்கும்போது மருந்து பட்டைக்குப் போய்ச் சேராது. மொட்டையாக நிற்கும்போது முழு மரமும் கைக்கு எட்டும். இதற்கென்று விற்கிற தோட்டக்கலை மினரல் எண்ணெயை லிட்டருக்கு 20 மி.லி. கலந்து, பட்டை நனைந்து சொட்டும் அளவுக்கு அடியுங்கள். எண்ணெய்ப் படலம் பூச்சியின் மூச்சை அடைக்கிறது, அவ்வளவுதான் வித்தை. மொட்டு பருக்கத் தொடங்கிய பிறகு அடித்தால் மொட்டு கருகும். உறைபனி விழப்போகிற நாளிலும் வேண்டாம். கவாத்து செய்த குச்சிகளை மரத்தடியில் போடாமல் அடுப்புக்கு எடுத்துவிடுங்கள், பாதிப் பூச்சி அதிலேயே இருக்கும்.

பீச் இலை எல்லாம் சுருண்டுக்கிச்சு. வேப்பெண்ணெய் மூணு தடவை அடிச்சும் கேக்கல.

பீச் இலை சுருள்வதற்கு இரண்டு காரணம் உண்டு. சுருளைப் பிரித்து உள்ளே பாருங்கள். சின்னச் சின்னப் பச்சைப் பேன் போலக் கூட்டமாக இருந்தால் அசுவினி. சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ கேட்கும், ஆனால் துளிர் விடும்போதே அடிக்க வேண்டும். நன்றாகச் சுருண்ட பிறகு மருந்து உள்ளே நுழையாது. சுருண்ட நுனிகளைக் கிள்ளி எடுப்பதே மேல்.

உள்ளே பூச்சியே இல்லாமல், இலை தடித்து, கொப்புளம் கட்டி, சிவந்து போயிருந்தால் அது பூஞ்சணம். நீங்கள் மூன்று தடவை அடித்தும் கேட்காததைப் பார்த்தால் உங்களுக்கு இதுதான் என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த பிறகு அந்த வருடத்துக்கு வைத்தியம் கிடையாது. இலை விழுந்து புது இலை வரும், அதுவரை மரத்துக்குத் தண்ணீரும் எருவும் கொடுங்கள். அடுத்த முறை இலை கொட்டியதும் ஒரு தடவை, மொட்டு பருக்கும் முன் ஒரு தடவை போர்டோ கலவை அடியுங்கள். 10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இலை இருக்கிற பீச் மரத்தில் இதை அடித்துவிடாதீர்கள், இலை கருகும். மேலே சொன்ன எண்ணெயோடு சேர்த்தும் கலக்க வேண்டாம்.

வேப்பெண்ணெய் தண்ணியில கலக்கவே மாட்டேங்குது, கட்டி கட்டியா நிக்குது. கலப்படமா?

கலப்படம் இல்லை, நம் ஊர்க் குளிர். மேட்டுப்பாளையத்தில் தண்ணியாக இருக்கிற வேப்பெண்ணெய் இங்கே தேங்காய் எண்ணெய் மாதிரி உறைந்துவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு 10 மி.லி. எண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் பால் போல வெளுக்கும்வரை அடித்துக் கலக்கி, அதற்கப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எந்தக் காலத்திலும் கலக்காது. முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள், பிறகு முழு மரத்துக்கும் அடிக்கலாம். வெயில் சாய்ந்த பின் இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள்.

பழம் வெளியே நல்லா இருக்கு. ஓட்டையே இல்ல. உள்ள எப்படிப் புழு போச்சு?

புழு வெளியிலிருந்து போகவில்லை. பழ ஈ தன் ஊசி போன்ற முட்டையிடும் உறுப்பால் தோலுக்கடியில் முட்டையைச் செருகிவிட்டுப் போகிறது. பழம் நிறம் மாறத் தொடங்கும்போது இது நடக்கும். அந்தப் புள்ளி அப்போது கண்ணில் படாது. சில நாளில் அங்கே மெத்தென்று ஆகி, அமுக்கினால் சொட்டு நீர் வரும். பீச், கொய்யா இரண்டும் அதற்கு ரொம்பப் பிடித்தவை, கடைசியில் பழுக்கும் பிளம்ஸும் தப்பாது.

அப்படி ஒரு கொய்யாவை அறுத்து வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். முற்றிய புழு உடம்பை வளைத்து, தலையும் வாலும் சேர்ந்ததும் விசுக்கென்று துள்ளும். தட்டை விட்டே வெளியே போய் விழும். மரத்தடியிலும் இதைத்தான் செய்கிறது. பழம் விழுந்ததும் வெளியே வந்து, துள்ளிப் போய், மண்ணில் சில விரற்கடை ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. அங்கிருந்து அடுத்த ஈ வரும். ஆக, இந்தச் சங்கிலியை வெட்டுகிற இடம் கீழே விழுந்த பழம்தான். பருவம் முழுக்கத் தினமும் பொறுக்க வேண்டும். பழம் முடிந்ததும் மரத்தடி மண்ணை மேலாகக் கொத்திவிட்டால் கூடுகள் வெயிலிலும் கோழி வாயிலும் போகும்.

பிளம்ஸை நிறம் ஏறத் தொடங்கும்போதே பறித்து வீட்டில் பழுக்க வைக்கலாம், ஈ முந்திக்கொள்ளாது. கொய்யாவுக்கு, காய் எலுமிச்சை அளவு வரும்போது காகிதப் பையோ பழைய வேட்டித் துணிப் பையோ கட்டுங்கள். பத்துக் காய்க்குக் கட்டினாலும் அந்தப் பத்து உங்களுக்கு.

பொறுக்கின பழத்தைக் குழி தோண்டிப் புதைச்சேன். ராத்திரி கரடி வந்து தோண்டிருச்சு!

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இது நிஜமான ஆபத்து. சில இடத்தில் காட்டுப்பன்றியும் சேர்ந்துகொள்ளும். விழுந்த பழத்தை வீட்டோரம் குவித்து வைப்பது கரடிக்கு இலை போட்டு அழைப்பது மாதிரி. பூச்சிக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது சாயங்காலத்துக்குள் மரத்தடி காலியாக இருக்க வேண்டும்.

இரண்டடி ஆழத்துக்குக் குறைவான குழி பிரயோஜனமில்லை, ஈயும் வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைக்கச் சொல்வார்கள், நீலகிரியில் அந்தப் பைக்கே தடை. மூடி இறுகிப் பிடிக்கிற பழைய பெயின்ட் டப்பாவில் பழத்தைப் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி, கரடிக்கு எட்டாத அறையில் பத்து நாள் வைக்கிறேன். புழு செத்துவிடும். பிறகு எருக்குழிக்குப் போகும்.

பொறியில நூத்துக்கணக்கா ஈ விழுது. ஆனாலும் பழத்துல புழு இருக்கே, ஏமாத்து வேலையா?

ஏமாற்று இல்லை. கடையில் கிடைக்கும் மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். முட்டை வைப்பது பெண். ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈ ஒன்று இருந்தாலும் உங்கள் கூடைப் பழத்துக்கு அது போதும். பழம் பழுக்க ஒன்றரை மாதம் முன்பே, மார்ச் கடைசியில் கட்டினால்தான் பலன், பழுத்த பிறகு கட்டிப் பெரிய லாபமில்லை. மருந்துக் கட்டையை ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கசக்கிய துளசியைத் தேடியும் அதே ஆண் ஈக்கள் வரும், அதே வாசனைப் பொருள் துளசியிலும் இருக்கிறது.

பொறியை நான் முக்கியமாக ஓர் அறிவிப்புப் பலகை மாதிரி வைத்துக்கொள்கிறேன். ஈ விழத் தொடங்கினால் பை கட்டவும் பழம் பொறுக்கவும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பூசணி, சுரைக்காயில் புழு வைக்கும் ஈ வேறு இனம், இந்தப் பொறிக்கு வராது.

மாவுப்பூச்சியைக் கையாலேயே நசுக்கிட்டு வர்றேன். சிலது மட்டும் பெருசா, வேகமா ஓடுது. அது என்ன?

ஐயோ, அதை நசுக்காதீர்கள்! அது மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகுச் சடை போட்டிருக்கும். ஆனால் அதைவிட நீளம், சடை தொங்கலாக, கலைந்த மாதிரி இருக்கும். ஒரு குச்சியால் தொடுங்கள்: மாவுப்பூச்சி அசைந்தால் அதிசயம், இது விறுவிறுவென்று நகரும். வளர்ந்த வண்டு கறுப்பு, தலைப்பக்கமும் வால்பக்கமும் செங்காவி. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காகக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் சோபிக்கவில்லை, மாவுப்பூச்சியைத் தின்பதில்தான் பேர் வாங்கியது. விவரம் தெரியாத காலத்தில் நானும் ஒரு மரம் முழுக்க இந்தப் புழுக்களைத் துடைத்து எடுத்திருக்கிறேன். அந்த வருடம் மாவுப்பூச்சி அடங்கவே இல்லை.

இதே நீலகிரியில் 1928-இல் சீகை (வாட்டில்) மரங்களில் பஞ்சுத் திண்டு போல முட்டைப் பை சுமக்கும் ஒரு செதில் பூச்சி பரவியது. அதற்கும் வெளியிலிருந்து ஒரு சிவப்புப் பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள். நம் மரங்களில் இருக்கும் வண்டுகள் அவ்வளவு வேலை செய்யக்கூடியவை. கண்டதற்கெல்லாம் கடுமையான மருந்து அடித்தால் முதலில் சாவது அவைதான்.

ஆரஞ்சு இலை மேல கரி பூசின மாதிரி கருப்பு. எறும்பும் ஏறுது. எறும்புதான் காரணமா?

பாதிக் காரணம். மாவுப்பூச்சி, அசுவினி, சில வகைச் செதில் பூச்சி மூன்றும் இனிப்பாகக் கழிக்கின்றன. அது இலையில் சொட்டி, அதன்மேல் வளரும் பூஞ்சணம்தான் அந்தக் கரி. எறும்பு அந்த இனிப்புக்காகப் பூச்சிகளுக்குக் காவல் நிற்கும், பொறிவண்டை நெருங்க விடாது. அடிமரத்தில் ஒரு முழ அகலத்துக்குத் துணி சுற்றி, துணியின் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவாதீர்கள். தரையைத் தொடுகிற கிளைகளையும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறும்.

கரியை எடுக்க மைதாக் கஞ்சி போதும். ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி ஆற வைத்து, 20 லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் அடியுங்கள். காய்ந்து பொருக்காக உதிரும்போது கரியும் சேர்ந்து வந்துவிடும். மழை நாளில் செய்தால் களி ஆகிவிடும்.

ஆரஞ்சு பழுக்கிற சமயம் தானா விழுது. பகல்ல பார்த்தா ஒரு பூச்சியும் இல்ல.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பழத்தின் மேல் பெரிய அந்துப்பூச்சி உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும், கண் டார்ச் ஒளியில் மின்னும். குத்திய இடத்தில் குண்டூசித் துளை, அதைச் சுற்றி அழுகல், இரண்டு மூன்று நாளில் பழம் கீழே. கையால் பிடித்து அழிக்கலாம், பழத்துக்குப் பை கட்டலாம். மருந்து அடித்துப் பயனில்லை, அது இரவில் எங்கிருந்தோ வந்து போகிறது. அதன் புழு வளர்வது சீந்தில் மாதிரிக் கொடிகளில். வேலியில் வேண்டாத சீந்தில் இருந்தால் இலைகளில் புழு இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

அடிமரத்துல மரத்தூள் கொட்டுது. கிளையோட கக்கத்துல செம்மண் ஒட்டின மாதிரி நூலாம்படையும் இருக்கு.

துளைப்பான். ஓட்டை வழியாக மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள், நுனியில் ஈரம் ஒட்டினால் பட்டிருக்கிறது. பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்துக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். நூலாம்படை இருந்தால் முதலில் துடைப்பத்தால் வழித்துச் சுத்தம் செய்யுங்கள். அதற்கடியில் பகலில் ஒளிந்து இரவில் பட்டையைத் தின்கிற புழு அது. மழை விட்டதும் எல்லா மரத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வாடிய, வயதான மரத்தையே இவை முதலில் தேடும்.

எலுமிச்சை இலையில பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளிக் கோடு. அடிக்கணுமா?

பெரிய மரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். இலைக்குள் ஓடும் சின்னப் புழு அது, காயைத் தொடாது. ஒன்றிரண்டு வயதுக் கன்றாக இருந்தால் மட்டும் துளிர் விடும்போது வேப்பெண்ணெய் அடியுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் துளிர் ஓயாது, புழுவும் ஓயாது. இலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு உட்கார்ந்திருந்தால் அது வண்ணத்துப்பூச்சியாகப் போகிறது. பெரிய மரத்தில் அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கொய்யாக் காயில கருப்பா சொறி சொறியா இருக்கு. பக்கத்துல தேயிலைத் தோட்டம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தேயிலைக் கொசு என்று சொல்கிறோமே, அந்த இனம் கொய்யாவின் இளங்காயையும் குத்தும். உண்மையில் கொசு இல்லை, நாவாய்ப்பூச்சி வகை. காலையிலும் சாயங்காலமும் நடமாடும், நிழலான கிளையே அதற்கு இஷ்டம். கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். பழ ஈக்குச் சொன்ன பையைக் காய் சின்னதாக இருக்கும்போதே கட்டினால் இரண்டுக்கும் ஆகும். சொறி தோலோடு நின்றுவிடும், சதையைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்போ தேயிலைக்கு அடிக்கிற மருந்தையே மிச்சம் இருந்தா கொய்யாவுக்கும் அடிக்கலாமா?

கூடாது. தேயிலைக்கு எந்த மருந்து, எத்தனை நாள் இடைவெளி என்று தேயிலை வாரியம் பட்டியல் போட்டிருக்கிறது, அது தேயிலைக்கான கணக்கு. கொய்யாவைத் தோலோடு பறித்த இடத்திலேயே குழந்தை கடிக்கிறது. லேபிளில் உங்கள் மரத்தின் பெயர் இல்லை என்றால் அது உங்கள் மரத்துக்கான மருந்து இல்லை. அளவு சொல்ல முடியாத மிச்ச மருந்தைக் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள்.

ஆப்பிள் கிளையில பஞ்சு ஒட்டியிருக்கு. தொட்டா ரத்தம் மாதிரி சிவப்பா ஆகுது.

கம்பளி அசுவினி. மாவுப்பூச்சி என்று குழம்ப வேண்டாம், நசுக்கினால் இப்படிச் சிவப்பது இதுதான். பழைய பிரஷ்ஷைச் சோப்புக் கரைசலில் தோய்த்துத் தேய்த்து எடுங்கள். பஞ்சு குறைந்து கறுத்துப்போன அசுவினிகள் தெரிந்தால், முதுகில் வட்ட ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சிறு குளவி உங்களுக்காக வேலை செய்கிறது, அந்தக் கிளையைத் தொடாதீர்கள். இந்த அசுவினி வேரிலும் முடிச்சு முடிச்சாகப் புடைக்க வைக்கும். புதுக் கன்று வாங்கும்போது எம்.எம். 106, எம்.எம். 111 மாதிரி இதைத் தாங்கும் வேர்க்கன்றில் ஒட்டியதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆரஞ்சு மரம் மஞ்சளாகி நுனி காஞ்சுக்கிட்டே வருது. சத்துக் குறைவுனு சொல்றாங்க, பூச்சினும் சொல்றாங்க.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்திலிருந்து வருகிற கேள்வி இது. கேட்கும்போதே மனசு கனக்கும், ஏனென்றால் ஆரஞ்சுக்குப் பேர் போன இடங்கள் அவை. ஒரு மஞ்சள் இலையை நடு நரம்பில் மடித்துப் பாருங்கள். மஞ்சள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அநேகமாகத் துத்தநாகம் போன்ற சத்துக் குறைவு, இலைவழி கொடுத்தால் தேறும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டுத் திட்டாக இருந்து, பழமும் கோணலாக, அடிப்பக்கம் பச்சையாகவே நின்றால் அது பசுமை நோயாக இருக்கலாம். துளிரில் உட்காரும் ஒரு குட்டித் தாவும் பூச்சி பரப்பும் நோய் அது. பிடித்த மரத்தைக் குணப்படுத்த வழியில்லை.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்து மரத்தை வெட்டிவிடாதீர்கள். இலை, கிளை, பழம் மூன்றையும் எடுத்துக்கொண்டு தடியன்குடிசை அல்லது கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள். நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டியில் இருக்கிறது. நோய் உறுதியானால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துவிட வேண்டியதுதான். வைத்திருந்தால் பக்கத்து மரங்களும் போகும். அந்த மரத்தின் கிளையில் ஒட்டுக்குச்சி எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நான் தினமும் பழம் பொறுக்குறேன். பக்கத்து வீட்டு மரம் யாரும் பார்க்காம கொட்டிக் கிடக்கு. நான் மட்டும் செஞ்சு என்ன ஆகப்போகுது?

பழ ஈ வேலியைப் பார்ப்பதில்லை, அதனால் உங்கள் கவலை சரியானதே. ஆனால் உங்கள் மரத்தடியில் பிறக்கும் ஈதான் உங்கள் பழத்தை முதலில் தேடும், அந்த அளவுக்குக் குறையும். பை கட்டிய பழத்துக்குப் பக்கத்து வீட்டு ஈயாலும் ஒன்றும் ஆகாது.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தாலும், பெரியவர்கள் மட்டும் இருந்தாலும், போய்க் கேட்டுப் பாருங்கள். “அத்தை, கீழே விழுந்ததை நானே பொறுக்கிக்கட்டுமா?” என்றால் இதுவரை யாரும் வேண்டாம் என்று என்னிடம் சொன்னதில்லை. எங்கள் வரிசையில் ஐந்து வீட்டுப் பழத்துக்கும் இப்போது ஒரே டப்பா. ஜூன் மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடையோடு வந்துவிடுகிறார்கள்.